மல்லிகைத் தோட்டத்துக்கு வந்த காட்டுமாடு

கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நாளிதழில் பயிற்சி நிருபராக இருந்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் படிப்பில் கட்டாயம். நான் சென்னை கேட்டிருந்தேன். கிடைத்தது திண்டுக்கல். அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் நாகப்பட்டினத்துக் கடைத்தெருவில்கூட அந்தப் பெயரைப் போட்ட பிரியாணிக் கடை ஒன்று உண்டு என்பதுதான். அம்மாவிடம் சொன்னபோது, "அங்க கடல் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் சாயங்காலம் எங்க போயி நிப்ப?" என்றாள்.

திருச்சியிலிருந்து வந்த பஸ் மத்தியான வேளையில் என்னை இறக்கிவிட்டது. சித்திரை வெயில். பஸ் நிலையத்தைவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், கட்டடங்களுக்கு மேலே ஒரு பெரிய மொட்டைப் பாறை தெரிந்தது. அதன் உச்சியில் கோட்டைச் சுவர். திண்டு, அதாவது தலையணை மாதிரி இருக்கிற கல், அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர் என்றார் ஆட்டோக்காரர். அதைக் கேட்டதாலோ, வெயிலாலோ, அந்தக் கோடை முழுவதும் பாதித் தூக்கத்தில் நடந்துகொண்டிருந்ததைப் போலத்தான் என் நினைவில் இருக்கிறது.

பெயிண்ட் கடை ஒன்றின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். மூன்று மேசைகள், ஜன்னல் பக்கம் பழைய நாளிதழ்க் கட்டுகள், சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறி. பொறுப்பாளரை எல்லோரும் 'சார்' என்றே கூப்பிட்டார்கள். எந்நேரமும் காதில் போன் இருக்கும். முதல் நாள் அந்தப் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இந்த ஊர்ல பெருசா ஒண்ணும் நடக்காதும்மா. அப்படி ஏதாச்சும் நடந்தா நம்மளும் கூட்டத்தோட நின்னு வேடிக்கை பாப்போம்."

இன்னொருவர் புகைப்படக்காரர் அண்ணன். பழனிப் பக்கம் கீரனூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், ஆனால் முதல் நாளிலிருந்தே "ஏனுங்க மேடம்" என்றுதான் கூப்பிடுவார். மேடம் வேண்டாம் அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். "சரிங்க மேடம்" என்றார்.

என் வேலை சின்னச் சின்ன வேலைதான். எங்கெங்கே மின்தடை என்று வந்த அறிவிப்பைச் சுருக்குவது. பூ மார்க்கெட்டுக்குப் போன் போட்டு அன்றைய மல்லி விலை, முல்லை விலை கேட்டு எழுதுவது. வெயில் எத்தனை டிகிரி என்று போடுவது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சார் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் நாளிதழ்க் கட்டின்மேல் தலையை வைத்து, கீழே கடையிலிருந்து வரும் பெயிண்ட் வாசனையோடு கிறங்கிக் கிடப்பேன். யாராவது மனுவோடு படியேறி வரும் செருப்புச் சத்தம்தான் எங்களை எழுப்பும்.

தங்கியது பேகம்பூரில், ஒரு வீட்டு மாடியறையில். வீட்டுக்காரர் தோல் வியாபாரம், பாதி நாள் வெளியூரில். அவர் மனைவிக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டிலேயே சமைத்துக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். காலையில் எங்கள் நாளிதழைத் தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு, வெங்காயம் உரித்தபடியே பக்கம் பக்கமாகத் தேடுவார்.

"எங்கம்மா உம்பேரு?"

"எம்பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா. 'நமது நிருபர்'னு இருக்குல்ல, அது நாந்தான்."

மறுநாள் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் நின்று சத்தம் போட்டார். "ஏ புள்ள, நீ எப்ப டெல்லிக்குப் போன? சொல்லவே இல்ல!"

நமது நிருபர் எழுதிய டெல்லிச் செய்தி அன்று முதல் பக்கத்தில் வந்திருந்தது. அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த ஊர்ச் செய்தியில் 'நமது நிருபர்' இருந்தாலும் அவருக்கு என்மேல் ஒரு சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது.

சாயங்காலங்களில் நடந்தேன். கடல் இல்லாத ஊரில் எங்கே போய் நிற்பது என்று தெரியாததால் எங்கேயும் நிற்காமல் நடந்தேன். மணிக்கூண்டைச் சுற்றி, பாத்திரக் கடைகள் வழியாக, பூ மார்க்கெட்டில் மிதிபட்டுக் கிடக்கும் பூக்களின் மேல், கோபாலசமுத்திரக் குளக்கரை வரைக்கும். காற்று ஒரு தெருவில் சீரகச்சம்பாச் சோறாக மணக்கும், அடுத்ததில் தோலாக நாறும், அதற்கடுத்ததில் மல்லியாக வரும். கண்ணைக் கட்டிவிட்டால்கூட வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்று ஒருநாள் நினைத்துக்கொண்டேன். தெருக்கள் முடியும் இடங்களில் தூரத்தில் மலை தெரியும். மங்கலான நீலம். முதல் சில நாட்கள் அதைப் பார்க்கும்போதெல்லாம் கடல் என்றே மனசு சொல்லும். ஒரு நொடி கழித்துத்தான் அது அசையவில்லை என்பது உறைக்கும்.

அப்படியே போயிருக்கும் அந்தக் கோடை, ஒரு போன் வராமல் இருந்திருந்தால்.

சார் வெளியே போயிருந்தார். போனை நான் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"பேப்பர் ஆபீஸா? எங்க தோட்டத்துல காட்டுமாடு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போகுதும்மா. தெனம் வருது. பேப்பர்ல போடுவீகளா?"

எந்த ஊர் என்று கேட்டேன். சித்தையன்கோட்டையைத் தாண்டி ஒரு சிற்றூரைச் சொன்னார். சார் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "போட்டோ இருந்தா செய்தி. இல்லாட்டி கதை" என்றார். "வேணும்னா ஒரு நடை போயிட்டு வா. பஸ்ல போ, வெயில்ல அலையாத."

பஸ் செம்பட்டி வழியாகப் போயிற்று. ஜன்னல் ஓரத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னை, அதற்குப் பின்னால் பக்கத்திலேயே மலை. நகரத்திலிருந்து நீலமாகத் தெரிந்தது இங்கே பச்சையும் பழுப்புமாக, மரம் மரமாகப் பிரிந்து தெரிந்தது.

போன் செய்த பெண் நிறுத்தத்துக்கே வந்து நின்றார். பருத்திப் புடவை, அதன்மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. "நீங்கதானா? சின்னப் புள்ளையா இருக்கீக" என்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் விறுவிறுவென்று தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு பக்கம் மல்லிகைச் செடிகள் இடுப்பளவுக்கு வரிசையாக நின்றன. நடுவில் கிணறு. அதற்கு அந்தப்பக்கம் தென்னந்தோப்பு. மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. தொட்டியடியில் ஈர மண்ணில் குளம்புத் தடம். என் உள்ளங்கையை விரித்து வைத்தேன். தடத்துக்குள் கை அடங்கிவிட்டது.

"ராத்திரி தோப்புல படுத்துக்கிருது. வெடிஞ்சதும் வந்து தண்ணி குடிக்கிது. செடியத் தொடுறதில்ல. ஒரு பூவ மிதிச்சதில்ல" என்றார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பாராட்டுகிற மாதிரி.

அப்போது அவருடைய கணவர் மண்வெட்டியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது. மனைவியிடம்தான் கோபம்.

"பேப்பருக்குப் போன் போட்டியாக்கும்? அறிவிருக்கா உனக்கு?"

"எல்லா ஊரு பேரும் பேப்பர்ல வருது. நம்ம ஊரு பேரு ஒருக்காவாச்சும் வந்துருக்கா?"

"ஊரு பேரு வந்து என்னத்துக்கு? நாளைக்கே அம்புட்டுப் பயலும் வண்டிய எடுத்துக்கிட்டு வந்து நிப்பான், செல்போனத் தூக்கிக்கிட்டு. அது மெரண்டு ஓடுனா எங்குட்டு ஓடும்? இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் கிணறு." பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "வனத்துறைக்குச் சொல்லிட்டோம்மா. மேல தண்ணி வத்திப்போச்சு, ஒரு மழை பேஞ்சா தன்னால ஏறிப் போயிரும், தொந்தரவு பண்ணாதீகன்னாக. அதான் சும்மா இருக்கோம். நீங்க எழுதாதீகம்மா."

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அதை ஒருதடவை பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். அதற்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையசைத்தார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். விடிந்தும் விடியாத வெளிச்சம். பூ பறிக்கிறவர்கள் ஏற்கெனவே செடிக்குள் நின்றிருந்தார்கள். சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு அரும்பு அரும்பாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. அந்த அம்மாள் என்னை மோட்டார் அறையின் பின்னால் நிறுத்தினார். "இங்கனயே நில்லு. செத்த நேரத்துல வந்துரும். பக்கத்துல மட்டும் போயிராத தாயி."

தோப்பின் ஓரத்தில் இருட்டாக ஏதோ ஒன்று கிடந்ததை நான் குப்பைமேடு என்று நினைத்திருந்தேன். அது எழுந்து நின்றது.

எவ்வளவு பெரியது என்று இப்போது சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். முதுகு ஒரு மேடாக எழும்பி இறங்கியது. கரேலென்ற உடம்பு, கால்கள் மட்டும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலுறை போட்ட மாதிரி. கொம்புகள் மேலே வளைந்து நுனியில் கறுத்திருந்தன. மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல் நடந்து வந்தது. மல்லிகை வரிசையின் ஓரமாகவே வந்தது. பூ பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்கள். தொட்டியில் தலையைக் குனிந்து அது உறிஞ்சுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. குடித்து முடித்து நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து நீர் சொட்டியது. எங்கள் பக்கம் பார்த்தது. என்னைப் பார்த்ததா, மோட்டார் அறையைப் பார்த்ததா, தெரியாது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று. பெண்களின் கைகள் மறுபடி அரும்பைக் கிள்ளத் தொடங்கின.

அன்றிரவு என் கனவில் அது எங்கள் ஊர்க் கடற்கரையில் முழங்கால் நீரில் நின்றுகொண்டிருந்தது. அலை வந்து அதன் வெள்ளைக் கால்களை மறைத்து மறைத்துக் காட்டியது.

திங்கட்கிழமை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் ஒரு படமும் எடுத்திருந்தேன். மங்கலாக, கறுப்பாக ஒரு பாறை மாதிரிதான் விழுந்திருந்தது. தோட்டத்துக்காரர் எழுதவேண்டாம் என்கிறார், அவர் மனைவி எழுதச் சொல்கிறார் என்றேன். அவர் வனத்துறை அதிகாரியைக் கூப்பிட்டு விசாரித்தார். "எழுது. ஊர் பேரு வேணாம். ஆத்தூர் பகுதின்னு போடு. தோட்டத்துக்குத் தனியாப் போகாதீங்க, பட்டாசு போட்டு விரட்டாதீங்கன்னு அதிகாரி சொன்னதா முடி" என்றார்.

அது ஏழெட்டு வரியில் மூன்றாம் பக்கத்தில் வந்தது. காலையிலேயே அந்த அம்மாள் போன் செய்தார். "ஏம்மா, எங்க ஊரு பேரையே காணோம்?" பின்னால் அவர் கணவர் சிரிப்பது கேட்டது.

சிரிப்பு இரண்டு மூன்று நாள்தான் நிலைத்தது. பக்கத்து ஊர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். அதற்கு வந்திருந்த இளவட்டங்கள் சிலர் விடியும்போதே தோப்புப் பக்கம் போயிருக்கிறார்கள். யாரோ வீடியோ எடுத்து, ஊர் பேரோடு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பேகம்பூர் அக்கா வரைக்கும் அது வந்துவிட்டது; அவர்தான் என்னை எழுப்பிக் காட்டினார். அடுத்த போன் அந்த அம்மாளிடமிருந்து. அழுகை. "கூட்டத்தப் பாத்து மெரண்டு ஓடிக் கிணத்துக்குள்ள விழுந்துருச்சும்மா."

புகைப்படக்கார அண்ணன் பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்தேன். செம்பட்டியைத் தாண்டியும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. தோட்டத்துக்கு வெளியே ரோட்டோரம் முழுக்க பைக்குகள். போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். நாங்கள் உள்ளே போனபோது வனத்துறை ஆட்கள் கிணற்றைச் சுற்றி நின்றிருந்தார்கள், கூட ஒரு கால்நடை மருத்துவர். எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, ஆழம் அதிகமில்லாத பழைய மண் கிணறு, கோடையில் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான். அதற்குள் அது நின்றுகொண்டிருந்தது. சேறு பூசிய முகத்தை அண்ணாந்து எங்களைப் பார்த்து மூச்சுவிட்டது. கால் உடையவில்லை, ஆனால் சாயங்காலத்துக்குள் வெளியே எடுத்தாக வேண்டும், பயத்திலேயே செத்துப்போகிற மிருகம் இது என்றார் மருத்துவர்.

கிணற்றின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டிவிட்டால் அதுவே ஏறி வந்துவிடும், ஜேசிபி வருகிறது என்றார் அதிகாரி. எந்தப் பக்கம் வெட்டுவது என்பதுதான் கேள்வி. தெற்கே மோட்டார் அறை. மேற்கே பாறை. வடக்கே கூட்டம் நிற்கிற ரோடு. மண் இளகி இருந்தது கிழக்குப் பக்கம் மட்டும். அங்கேதான் மல்லிகை.

அதிகாரி தோட்டத்துக்காரரிடம் கேட்டார். அவர் மனைவியைப் பார்த்தார். செடியை நட்டதும் தண்ணீர் பாய்ச்சியதும் அந்த அம்மாள்தான். அவர் கிணற்றைப் பார்த்தார், செடிகளைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டுங்க. ஆனா செத்த பொறுங்க. இன்னைக்கு இன்னும் பூ எடுக்கல."

காலையில் நடந்த அமளியில் யாரும் செடிக்குள் இறங்கியிருக்கவில்லை. அரும்புகள் அப்படியே நின்றன. ஜேசிபி வருவதற்குள் பறித்தாக வேண்டும். பூ பறிக்கிற பெண்கள் இறங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வந்தார்கள். நானும் நோட்டைப் பையில் வைத்துவிட்டு இறங்கினேன். பிறகு ஒரு பெண் போலீஸ், தொப்பியைக் கழற்றி அதையே கூடையாக்கிக்கொண்டு வந்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்து அந்த அம்மாள் கத்தினார்: "ஏலே, படம் புடிச்சது போதும். கை சும்மாதான இருக்கு? வாங்கலே!"

அவர்கள் வந்தார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை. கல்யாணச் சட்டையும் சென்ட் வாசனையுமாக, காலையில் வீடியோ எடுத்தவர்களாகக்கூட இருக்கலாம், வரிசையாக நின்று அரும்பு கிள்ளினார்கள். முதலில் பூவைக் கொத்தோடு பிய்த்தார்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவர்கள் கையில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உச்சி வெயில். யார் முகத்திலும் வேர்வை சொட்டியது. கிணற்றுக்குள்ளிருந்து அவ்வப்போது அந்த மூச்சு மட்டும் கேட்கும். அப்போது எல்லாக் கைகளும் நின்று மறுபடி நகரும். இத்தனை பேர் இப்படி ஒரே காரியத்தில் அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

என் போன் அடித்தது. சார்.

"என்னம்மா நடக்குது? நியூஸ் எப்ப வரும்?"

"பூப் பறிச்சுக்கிட்டு இருக்கேன் சார்."

"சரி, முடிச்சிட்டுச் சொல்லு" என்றார்.

ஜேசிபி வந்தது. பூ எடுத்த செடிகளை வேரோடு புரட்டிப்போட்டு, கிழக்குக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு போனார் அதன் ஓட்டுநர். மண் உள்ளே சரியும்போதெல்லாம் காட்டுமாடு எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் கையைத் தூக்குவார், இயந்திரம் நிற்கும், அது அமைதியானதும் மறுபடி தொடங்கும். அப்படியே பொழுது போயிற்று. தென்னை மரத்தடியில் உட்கார்ந்து பாதிச் செய்தியைப் போனிலேயே எழுதி அனுப்பினேன். யாரோ சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். தோட்டத்துக்காரர் மட்டும் சாப்பிடவில்லை. சரிவின் ஓரத்திலேயே குந்தியிருந்தார். "பயப்படாத அப்பு, பயப்படாத" என்று கிணற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தபோது சரிவு தயாராகிவிட்டது. இயந்திரத்தை நிறுத்தி, எல்லோரையும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் போகச் சொன்னார்கள். தோட்டத்துக்காரர் மட்டும் வர மறுத்து மோட்டார் அறை ஓரமாக நின்றுகொண்டார். புகைப்படக்கார அண்ணன் ஒரு டிராக்டரின்மேல் ஏறிக்கொண்டு எனக்கும் கை கொடுத்தார். "ஏறுங்க மேடம். இங்கிருந்து நல்லாத் தெரியுமுங்க."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சரிவின் மேல் விளிம்பில் இரண்டு கொம்பு நுனிகள் தெரிந்தன. சறுக்கி மறைந்தன. மறுபடி தெரிந்தன. இரண்டாவது தடவையும் சறுக்கியது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் அழுவது கேட்டது. மூன்றாம் தடவை முன்கால்கள் இரண்டும் மேலே பதிந்தன, பின் அந்தப் பெரிய உடம்பு முழுக்க ஒரே எக்கில் வெளியே வந்து, புரட்டிப்போட்ட மல்லிகைச் செடிகளின் நடுவில் நின்றது. வெள்ளைக் கால்களில் செம்மண் அப்பியிருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தது. இந்தப் பக்கம் ஓடி வந்துவிடுமோ என்று அதிகாரி கையைத் தூக்கி நின்றார். அது ஓடவில்லை. மலை இருக்கிற திசைக்குத் திரும்பி, தென்னந்தோப்புக்குள் மரம் மரமாக மறைந்து மறைந்து போயிற்று. யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ரோடு அடைபட்டுக் கிடந்ததால் மார்க்கெட்டுக்கு அனுப்ப முடியாமல், வேட்டி வேட்டியாக விரித்துக் குவித்திருந்த அரும்புகள் எல்லாம் அந்த நேரத்தில் மலரத் தொடங்கியிருந்தன. இனி விற்க முடியாது. அந்த அம்மாள் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி எல்லோருக்கும் கொடுத்தார். பெண் போலீஸ் தொப்பியில் வாங்கிக்கொண்டார். ஜேசிபி ஓட்டுநர் ஒரு சரம் கட்டித் தரச்சொல்லி வண்டியின் முகப்பில் போட்டார். மாப்பிள்ளைத் தோழர்கள் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். எனக்கு ஒரு துண்டு நிறைய.

திரும்பும்போது புகைப்படக்கார அண்ணன் செம்பட்டியிலேயே உட்கார்ந்து படத்தை அனுப்ப வேண்டியிருந்ததால் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். மடியில் மூட்டையோடு உட்கார்ந்தேன். பஸ் முழுக்க மணந்தது. முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து, "கல்யாணமா?" என்றார். சொல்லத் தெரியாமல் ஆமாம் என்றேன். அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். பிறகு பின்னால் ஒருவர் கேட்டார், நடத்துநர் கேட்டார். பேகம்பூருக்கு வந்து சேர்ந்தபோது கால்வாசி மூட்டைதான் மிச்சம். அக்கா அதைத் தட்டில் கொட்டி வைத்தார். அன்று மாடியறை வரைக்கும் அந்த வாசனைதான்.

மறுநாள் முதல் பக்கத்தில் புகைப்படக்கார அண்ணன் எடுத்த படம். சரிவின் விளிம்பில் முன்கால் பதித்து நிற்கிற காட்டுமாடு, பின்னால் சின்னதாகத் தோட்டத்துக்காரர். ஊர் பேர் பெரிய எழுத்தில். என் பெயரும் போட்டிருந்தார்கள், ஒரு எழுத்துப் பிழையோடு. அக்கா அதைப் பிழையோடேயே சத்தமாக வாசித்துவிட்டு, சாப்பாட்டுக்கு வந்த எல்லோரிடமும் காட்டினார். தோட்டத்து அம்மாளுக்குப் போன் செய்தேன். "ஊர் பேர் வந்துருச்சுல்ல?" என்றேன். "வந்துருச்சு" என்றார். பிறகு அவரே, "போதும்மா. இனிமே ஊரு பேரு பேப்பர்ல வரவேணாம்" என்றார்.

பிறகு மழை வந்தது. ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, தெருவெல்லாம் புழுதி அடங்கி, பெயிண்ட் கடை வாசலில் எல்லோரும் நின்று நனைவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சார் போனைப் பெயிண்ட் கடை மேசையில் வைத்துவிட்டு முதல் ஆளாக இறங்கி நனைந்தார். அந்தக் கோடையில் அவர் போனைக் கீழே வைத்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒருதடவை தோட்டத்துக்குப் போனேன். வெட்டின இடத்தில் புதிதாக மல்லிகை நாற்று ஊன்றியிருந்தார்கள். கிணற்றுச் சரிவை மட்டும் மூடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இருந்துட்டுப் போகட்டும். எறங்கித் தண்ணி எடுக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் தோட்டத்துக்காரர்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துச் சரிவில் கூட்டிப் போனார். மழைக்குத் தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது. மேலே வெயில் இருந்தும் உள்ளே நிழலாக, குளிர்ச்சியாக இருந்தது. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அவர் தண்ணீருக்குள் காலை வைத்து உட்கார்ந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கெண்டைக் குஞ்சுகள் வந்து காலைக் கடித்தன. கூச்சம் தாங்காமல் இரண்டு பேரும் காலை இழுத்துக்கொண்டு சிரித்தோம். பிறகு மறுபடியும் உள்ளே விட்டோம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.